மருந்துக்கடை வீட்டின் முன்சுவர்

போன மாதம் கார்த்திகேயன் தொலைபேசியில் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்திலிருந்து லண்டனுக்கு வந்த பொறியியலாளர். இங்குள்ள நகர கவுன்சிலின் கட்டட மேற்பார்வைப் பிரிவில் நான் ஓய்வுபெறும்வரை என் பக்கத்து மேசையில் இருந்தவர்.

"மேடம், இனிமே சின்ன வேலைக்கெல்லாம் நேர்ல போக வேண்டாம்னு பேசிக்கிட்டிருக்காங்க. வீட்டுக்காரங்களே போன்ல படம் எடுத்து அனுப்பிடுவாங்க. பெரிய கட்டடம்னா டிரோன் விட்டுப் பாத்துக்கலாமாம். கூட்டத்துல நான் பேசணும். படத்துல தெரியாம நேர்ல மட்டும் தெரிஞ்சது ஏதாவது உங்க சர்வீஸ்ல இருக்கா? ஒண்ணு சொன்னாப் போதும்."

இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அந்தச் சம்பவத்துக்குள் என் அக்கா குடும்பமும் இருக்கிறது. அக்காவிடமும் அத்தானிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுது என்றார்கள்.

நான் லண்டனுக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் காத்து நின்றவர் யோகராசா அத்தான், என் அக்கா புனிதாவின் கணவர். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையை எனக்குத் தந்துவிட்டுப் பின்னறையில் படுத்தார்கள். குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்காகக் குளிரில் வரிசையில் நின்ற காலைகளில் அத்தானும் வேலைக்குப் போகாமல் என்னோடு நின்றார். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட கட்டடப் பொறியியலை இங்கே மாலை வகுப்பில் படித்து முடித்தேன். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அத்தானின் வேன் நிற்கும். அவர் அப்போது கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முதலில் மண் அள்ளினார், பிறகு தச்சு வேலை பழகினார், பிறகு சொந்தமாக நாலைந்து ஆட்களை வைத்து வீடுகள் திருத்தினார். எனக்குக் கவுன்சிலில் வேலை கிடைத்தது. என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலையை நான் கற்றது டேவிஸ் என்ற என் மேலதிகாரியிடம்.

டேவிஸ் வேல்ஸ்காரர். உயரமானவர், மெல்லப் பேசுவார். ஒரு வீட்டைப் பார்க்கச் சொன்னால் நேரே போய்க் கதவைத் தட்டமாட்டார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கூரை விளிம்பு வானத்தோடு சேரும் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணால் தடவிக்கொண்டு போவார். பிறகு யன்னல்களின் மேல்விளிம்புகள், பிறகு செங்கல் வரிசைகள். அதற்குப் பிறகுதான் தெருவைக் கடப்பார். வாசலில் தொப்பியைக் கழற்றுவார். வீட்டுக்காரர் முதலில் பேசி முடிக்கவேண்டும். அவர்கள் எதைக் குறை சொல்கிறார்களோ அதைக் கடைசியாகத்தான் பார்ப்பார்.

உள்ளே போனால் ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து கையை எடுத்துவிடுவார். கதவு அப்படியே நின்றால் சரி, தானாக அசைந்தால் அந்த அறையில் நின்றுகொள்வார். வெடிப்பைக் கண்டால் அதன் நீளத்தைப் பார்க்கமாட்டார், உள்ளே பார்ப்பார். பழைய வெடிப்புக்குள் தூசியும் பெயின்டும் அடைந்திருக்கும், புதியது வெட்டுக்காயம்போலச் சுத்தமாக இருக்கும் என்று ஒரு முறை காட்டினார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க மேல் யன்னலிலிருந்து நூல்குண்டைக் கீழே விட்டுவிட்டு, அது ஆடி ஓயும்வரை யாரோடும் பேசமாட்டார்.

'ஆபத்து' என்ற சொல்லை அவர் இலேசில் சொல்லமாட்டார். எங்கள் வேலையில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் தெருவை மூடவேண்டும், ஆட்களை வெளியேற்றவேண்டும், திரும்ப எடுக்க முடியாது. ஒரு புகைபோக்கி சாய்ந்து நின்ற வீட்டில் நான் அவசரப்பட்டு அதைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரக் கிழவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் டேவிஸ் கோபிக்கவில்லை. "உறுதியானால் உரக்கச் சொல். உறுதியாகும்வரை தேநீர் கேள்," என்றார்.

நான் வேலையில் நன்றாகக் காலூன்றிய பிறகு அந்த மருந்துக்கடை வீடு வந்தது.

லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் ஒருகாலத்தில் தனிக் கிராமமாக இருந்த இடம் அது. நகரம் வந்து சூழ்ந்த பிறகும் ஒரு தேவாலயம், ஒரு குளம், ஒரு வளைந்த தெரு ஆகியவை மிஞ்சியிருந்தன. அந்தத் தெருவின் நடுவில் ஜோர்ஜ் என்ற பெயரில் மன்னர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட காலத்தில் கட்டிய மூன்று தள வீடு. கிராமத்தில் வசதியான ஒருவர் ஊருக்குத் தன்னைக் காட்ட எழுப்பியிருக்க வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் அலங்காரம் குறைவு, அழகெல்லாம் அளவுகளில் இருக்கும். விருந்தினரை வரவேற்கும் முதல் மாடியில் யன்னல்கள் மிக உயரம், அதற்கு மேல் குட்டை. யன்னலின் தலைக்குமேல் வளைவுக் கற்களைத் தேய்த்துத் தேய்த்து இடையில் நூலளவு சாந்தோடு பொருத்தியிருப்பார்கள். கூரை தெருவுக்குத் தெரியாதபடி முன்சுவரை மேலே கொஞ்சம் உயர்த்தி மறைத்திருப்பார்கள்.

அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பது வேறு. நல்ல செங்கல் வெளிப்பக்கத்துக்கு மட்டும். உள்பக்கம் பாதி வெந்த கல்லும் உடைந்த துண்டுகளும். இரண்டையும் கட்டிப் பிடிக்கவேண்டிய குறுக்குக் கற்களைக்கூட, விலை அதிகமென்று, பாதியாக உடைத்து வெளியே மட்டும் தெரியும்படி வைத்திருப்பார்கள். மாடித் தளங்களின் மரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குப் போகும், முன்சுவரைத் தொடுவதில்லை. ஆகவே இப்படியான வீட்டில் முன்சுவர் எதையும் தாங்குவதில்லை, அதை எதுவும் பிடித்திருப்பதுமில்லை. தன் பாரத்தால் தானே நிற்கும்.

இந்த வீட்டில் அதற்கும் மேலே ஒன்று. பின்னாளில் யாரோ கீழ்த்தளத்தைக் கடையாக்கியிருந்தார்கள். கண்ணாடி யன்னலுக்காக முன்சுவரின் கீழ்ப்பாகத்தை எடுத்துவிட்டு, மேலே உள்ள சுவர் முழுவதையும் ஒரு பெரிய மர உத்தரத்தின்மேல் ஏற்றியிருந்தார்கள்.

நான் போனபோது கடை சிவகுமாரன் என்பவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், மருந்தாளர். கீழே மருந்துக்கடை, மேலே அவரும் மனைவி மஞ்சுளாவும். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். மேல் யன்னல்கள் இறுகிவிட்டன, எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் யன்னல் போடலாமா என்று அவர் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தார். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அது முடியாது. மறுக்குமுன் யன்னல்கள் ஏன் இறுகின என்று ஒருவர் போய்ப் பார்க்கட்டும் என்றார்கள். விண்ணப்பத்தோடு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. வெயிலில் நிற்கும் அழகான வீடு. அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் வண்டிகள் நின்றதால் டேவிஸ் செய்வதுபோல் நின்று பார்க்க முடியவில்லை. கடை வாசலை ஒட்டியே பஸ் நிறுத்தம். நனையாமல் நிற்க ஆட்கள் கடை யன்னலோடு சாய்ந்து நின்றார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மஞ்சுளா என்னை முதல் மாடி முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இந்த வருசம் தொடக்கம் ஒரு யன்னலும் திறக்கேலாது அக்கா. ஈரத்துக்கு மரம் ஊதிப்போச்சு எண்டு இவர் சொல்லுறார்."

யன்னல் சட்டத்தின் மூலைக்கு மூலை அளவுநாடா பிடித்தேன். இரண்டு குறுக்களவும் ஒத்துவரவில்லை. அடுத்த யன்னலும் அப்படியே, ஆனால் எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது. மரம் ஊதினால் யன்னல் இறுகும், சட்டம் சரியாது. இரண்டு யன்னலும் அறையின் நடுவை நோக்கிச் சரிந்திருந்தன. நடுவில் எதுவோ கீழே போகிறது.

அப்போதுதான் முன்சுவரின் அடியில், தரையோடு, ஒரு குளியல் துவாயைச் சுருட்டி நீளமாக வைத்திருப்பதைக் கண்டேன்.

"இது ஏன்?"

"அதுக்குள்ளால குளிர் காத்து வருது. நான்தான் வைச்சனான். முந்தி ஒரு துவாய் காணும், இப்ப ரெண்டு வேணும்."

குனிந்து துவாயை எடுத்தேன். தரைப்பலகைக்கும் சுவருக்கும் இடையில் என் விரல்கள் போகும் அளவுக்கு இடைவெளி. கையை வைத்தேன், காற்று அடித்தது. வீட்டுக்குள் வரும் காற்றில்லை, தெருக்காற்று, அதில் மழையின் ஈரம் இருந்தது. கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணால் கீழே பார்த்தேன். சுவரின் அடி பிரிந்த இடத்தால் தெரு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு சிவப்புக் கோட்டின் கை. அதற்குப் பக்கத்தில் குழந்தை தள்ளும் வண்டியொன்றின் மூடி. மூடியை யாரோ மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்குள் படுத்திருக்கிறேன், தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். இடையில் இருக்கவேண்டிய சுவர் அந்த இடத்தில் இல்லை. அது வீட்டைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு எழும்ப முடியவில்லை. பயத்தில் உடம்பு பாரமாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் அறிந்தேன். எழும்பும்போது காலை ஊன்றினால் என்ன ஆகுமோ என்றுகூட நினைத்தேன். தளத்துக்கும் சுவருக்கும் தொடர்பில்லை என்பதை என் மூளை அறியும், கால் அறியவில்லை. முழங்காலாலேயே பின்னுக்கு வந்தேன்.

"மஞ்சுளா, யன்னல் பக்கம் வராதேங்கோ. அப்பிடியே பின்னால போய்ப் படியால இறங்குங்கோ."

"ஏன் அக்கா?"

"கீழ போய்ச் சொல்லுறன். ஓடாதேங்கோ. நடந்து போங்கோ."

கடைக்குள் வந்து மேலே பார்த்தேன். உத்தரம் பலகையும் சாந்தும் போட்டு மூடியிருந்தது. நடுவில் அது வயிறு தள்ளியிருந்தது. கடை யன்னலின் மரச்சட்டம் வில்போல வளைந்திருந்தது. கண்ணாடியின் ஒரு மூலையில் வெடிப்பு, அதன்மேல் ஒட்டுநாடா. "போன கிழமை தானா வெடிச்சது," என்றார் சிவகுமாரன். யன்னலுக்குப் பின்னால், கடையின் நடுவில், தரைவிரிப்பில் மட்டும் ஒரு சதுரம் வேறு நிறத்தில் இருந்தது.

"இதில ஒரு தூண் நிண்டதே?"

"ஓம். ஒரு மரத்தூண். சக்கர நாற்காலியில வாற ஆக்கள் திரும்பேலாமல் கஷ்டப்படுகினம். அதுதான் எடுத்துவிட்டம். இப்ப பாருங்கோ, எவ்வளவு விசாலம்."

எனக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரம் கிடைத்திராது. இரண்டு மரங்கள் அந்தத் தூணின் தலையில்தான் சந்தித்திருக்கும். தூண் போன நாளிலிருந்து இரண்டு மாடிச் செங்கல் சுவரை ஒரு யன்னல் சட்டம் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டத்தில்தான் வெளியே ஆட்கள் சாய்ந்து நிற்கிறார்கள்.

வாசலை நோக்கி நடந்துகொண்டே கேட்டேன். "ஆர் எடுத்தது?"

"எங்கட ஆள்தான். ஃபாரஸ்ட் கேட் யோகராசா அண்ணை. நல்ல மனுசன். தன்ர வீடு மாதிரி நினைச்சுச் செய்து தந்தவர்."

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நான் நின்றுவிட்டேன். நின்றது எவ்வளவு நேரமென்று தெரியாது. குரோய்டன் வரிசையில் தன் கையுறையைக் கழற்றி எனக்குத் தந்தவரின் முகம் வந்தது. பிறகு அந்தக் குழந்தை வண்டியின் மூடி வந்தது. கதவைத் திறந்து வெளியே போனேன்.

பஸ்ஸுக்கு நின்றவர்களை உரத்த குரலில் தெருவின் மறுபக்கத்துக்குப் போகச் சொன்னேன். சிவப்புக் கோட்டுப் பெண் பஸ் வருகிறது என்றாள். நான் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனேன், அவள் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். பொலிசையும் டேவிஸையும் அழைத்தேன். டேவிஸிடம் வேறு ஒன்றும் விளக்காமல், "ஆபத்து," என்றேன். "வருகிறேன், தெருவை மூடு," என்றார்.

கடைக்குள் மருந்துக்கு நின்றவர்களைப் பின்கதவால் அனுப்பினோம். மஞ்சுளா கைப்பையோடு வந்துவிட்டார். சிவகுமாரன் மட்டும் எங்களோடு வெளியே வந்தவர் திரும்பினார்.

"குளிர்பெட்டியில இன்சுலின் இருக்கு. ஒரு வயது போன மனுசி இண்டைக்குப் பின்னேரம் அதுக்கு வருவா. ஒரு நிமிசம்."

"வேண்டாம்."

"ஒரு நிமிசம்தான் தங்கச்சி. இவ்வளவு நாள் நிண்ட சுவர் இப்பவோ விழப்போகுது?"

அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். "என்ர கடை இது," என்றார். "ஓம், உங்கட கடைதான்," என்றேன், விடவில்லை. பொலிஸ்காரர் வந்து இடையில் நின்ற பிறகுதான் விட்டேன். வேறொரு மருந்துக்கடையிலிருந்து அந்த அம்மாவுக்கு இன்சுலின் ஏற்பாடு செய்ய அவர் தொலைபேசியை எடுத்தார், கோபத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

டேவிஸ் வந்தார். எதிர்ப்பக்கத்தில் நின்று கூரை விளிம்பைப் பார்த்தார். வழக்கம்போல் முனையிலிருந்து முனைக்குப் போகவில்லை, அவருடைய கண் நடுவில் நின்றுவிட்டது. முட்டுக்கொடுக்கும் ஆட்களை அழைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தூணை எடுத்தவர் என் அக்காவின் கணவர்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சரி. இந்தச் சுவரை நீ பார். அவரை நான் பார்க்கிறேன். அவரோடு இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதே. அவருக்காகவும்தான் சொல்கிறேன்."

முட்டுக்கொடுக்கும் லொறி வந்து இரும்புக் கால்களை இறக்கத் தொடங்கியபோது அது நடந்தது. சத்தம் முதலில் வரவில்லை. கடையின் பெயர்ப்பலகை நடுவில் மடிந்தது. அதற்குமேல், நூலளவு சாந்தில் நின்ற யன்னல் வளைவு ஒவ்வொரு கல்லாகப் பிரிந்தது. சுவர் நின்ற இடத்திலேயே கொஞ்சம் இருந்து, பிறகு முழு அகலத்தோடும் தெருவில் படுத்தது. சத்தம் அப்போதுதான் நெஞ்சில் அடித்தது. சுண்ணாம்புத் தூசி எழுந்து தேவாலயக் கோபுரத்தையே மறைத்தது. தூசி அடங்கியபோது பஸ் நிறுத்தத்தின் கம்பம் செங்கல் குவியலுக்குள் எங்கோ கிடந்தது.

சிவப்புக் கோட்டுப் பெண் பஸ்ஸில் ஏறிப் போகவில்லை. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டியிலிருந்த குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

தளங்கள் விழவில்லை, அவைதான் முன்சுவரில் தங்கியிருக்கவில்லையே. வீடு முழுவதும் தெருவுக்குத் திறந்து நின்றது. நான் முழங்காலிட்ட முன்னறை, துவாய்கூட அப்படியே. அதற்குமேல் படுக்கையறை. கட்டில், விரிப்பு, கதிரையில் போட்ட சேலை. மூலையில் அலுமாரிக்குள் சாமிப் படங்கள், காலையில் வைத்த செவ்வந்திப் பூ. சின்ன மின்விளக்கொன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

மஞ்சுளா என் கையைப் பிடித்தார். "அக்கா, என்ர சாமியறையை எல்லாரும் பாக்கினம். கட்டிலைக்கூட நான் இண்டைக்குச் சரியா விரிக்கேல்லை."

அவர் சொன்னதை டேவிஸிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் லொறிக்காரர்களின் தலைவனிடம் போய், மேல் மாடியை முதலில் தறப்பாளால் மூடச் சொன்னார். கீழேதான் வேலை அதிகம் என்றான் அவன். "முதலில் மேல் மாடி," என்று டேவிஸ் மறுபடி சொன்னார், குரலை உயர்த்தாமல். தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி அப்படியே மூடினார்கள்.

சிவகுமாரன் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கடை வாசல் இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு தன் சட்டைக் கையைப் பார்த்தார். நான் பிடித்த இடத்தில் துணி கிழிந்திருந்தது.

அன்று மாலை குட்மேய்ஸில் என் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அக்கா அழைத்தார்.

"ரஞ்சி, அந்தக் கடையை டிவியில காட்டுறாங்கள். இவர் பாத்திட்டுக் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறார். நீ அங்க நிண்டனியே?"

"நிண்டனான்."

"இவர் செய்த வேலையாலோ?"

"அக்கா, அதைப்பற்றி நான் கதைக்கக் கூடாது."

"என்னோடயுமோ?"

"ஓம்."

அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அத்தான் என் வீட்டுக் கேற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. முகம் சவரம் செய்யாமல், கண் சிவந்து.

"நான் உள்ள வரேல்லை பிள்ளை. உனக்குக் கரைச்சல் வரும். ஒண்டே ஒண்டு சொல்லு. ஆருக்கும் காயமோ?"

"ஒருத்தருக்கும் இல்லை அத்தான். நீங்கள் வேற ஒண்டும் சொல்லாதேங்கோ. சொன்னா நான் அதை ஆபீசில சொல்லவேணும்."

"சொல்லு. சொல்லத்தானே வேணும்." கேற்றின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். "அது அலங்காரத்துக்கு நிண்ட மரம் எண்டு நினைச்சன். சுத்தவரப் பலகை, மேல பூவேலை. ஆனா வெட்டேக்க மரமறுக்கிற வாள் இறுகினது, ரஞ்சி. பாதி வெட்டினாப் பிறகு வாளை இழுக்கேலாமல் போச்சு. சும்மா நிக்கிற மரம் வாளைப் பிடிக்காது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஆப்பு அடிச்சு வாளை எடுத்துப்போட்டு மற்றப் பக்கத்தால வெட்டினன்."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "ஏன் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"உன்னைக் கேட்டா நீ அனுமதிப் பேப்பர் கேப்பாய். கடைக்காரருக்கு அவசரம்."

அவர் போய் வேனில் ஏறினார். நான் கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். மரத்தின் மேலிருந்த பாரம் வாளைப் பிடித்து அவருக்குச் சொல்லியிருக்கிறது. அவர் கேட்டிருக்கிறார். கேட்டும் வெட்டியிருக்கிறார். சுவர் விழுந்ததைவிட இதுதான் என்னை உலுக்கியது. இன்றும் உலுக்குகிறது.

வேலைக்குப் போனதும் அத்தான் வந்ததையும் சொன்னதையும் டேவிஸிடம் சொன்னேன். "அவரே வந்து சொல்கிறாரா என்று பார்ப்போம்," என்றார். அந்தக் கிழமையே அத்தான் கோட்டு அணிந்து கவுன்சிலுக்கு வந்தார். டேவிஸின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாள் இறுகியது உட்பட எல்லாவற்றையும் சொன்னார் என்று பின்னால் அறிந்தேன். அனுமதியில்லாமல் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் கை வைப்பது குற்றம். வழக்கு நடந்தது. தண்டம் விதித்தார்கள். அத்தான் வேனை விற்றார், ஆட்களை வேறு இடங்களில் சேர்த்துவிட்டார், அதன்பின் ஒரு கட்டட வேலையும் தொடவில்லை. அனுமதி கேட்காமல் வேலை கொடுத்ததற்காகச் சிவகுமாரனையும் நீதிமன்றம் கண்டித்தது.

நீதிமன்ற நடையில் அக்கா என்னைக் கண்டு நின்றார். "நீ பொய் சொல்லவேணும் எண்டு நான் கேக்கேல்லை. ஆனா அண்டைக்கு போனில என்னோட நீ ஒரு ஆபீசர் மாதிரிக் கதைச்சாய்," என்றார். அதற்குப் பிறகு பல வருடங்கள் என்னோடு பேசவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் பக்கத்து வரிசைக்குப் போய்விடுவார். அத்தான் மட்டும் தலையை அசைப்பார்.

வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். பழைய சாந்து சுண்ணாம்பு என்பதால் செங்கற்கள் உடையாமல் பிரிந்தன. பொறுக்கிச் சுத்தம் செய்து, விண்ணப்பத்தோடு வந்த அந்தப் படத்தைப் பார்த்தே வரிசை வரிசையாக வைத்தார்கள். இம்முறை ஒவ்வொரு தளத்திலும் உருக்குக் கம்பிகள் சுவரைப் பிடித்துக்கொள்கின்றன. கடைக்குள் புதிய ஓக் தூண் நிறுத்தினார்கள், பலகை போட்டு மூடவில்லை. சக்கர நாற்காலிகள் திரும்புவதற்காக மருந்து கொடுக்கும் மேசையைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். டேவிஸ் ஓய்வுபெற்று வேல்ஸுக்குப் போய்விட்டார். பிறகு நானும் ஓய்வுபெற்றேன்.

ஓய்வுபெற்ற மறுவருடம் ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. அக்காவின் குரலை உடனே அறிந்தேன். சுகம் விசாரிக்கவில்லை.

"இவரை ஒருக்கா அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. நித்திரையில 'வாள் இறுகுது, வாள் இறுகுது' எண்டு கத்துறார். இவ்வளவு வருசமாக் கத்துறார். என்னால இனி ஏலாது."

"வாறன் அக்கா," என்றேன்.

பஸ்ஸில் போனோம். அத்தான் நன்றாக மெலிந்திருந்தார். பஸ் அந்த வாசலிலேயே நின்றது. இறங்கியதும் அவர் சுவரிலிருந்து விலகி நடைபாதையின் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டார். நான் கடைக் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் வாசற்படிவரை வந்து அதற்குமேல் வரவில்லை.

மேசைக்குப் பின்னால் மஞ்சுளா. தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"அவருக்கு மருந்தோ அக்கா?"

நான் வாய் திறக்குமுன் அத்தான் சொன்னார். "இல்லைப் பிள்ளை. நான்தான் அந்தத் தூணை வெட்டினவன்."

மஞ்சுளாவின் கை மேசையில் இருந்த மருந்துப் பெட்டியின்மேல் நின்றது. அவரை ஏன் இங்கே கூட்டி வந்தேன் என்று நினைத்தேன்.

"தெரியும் அண்ணை," என்றார் மஞ்சுளா. "வேலை செய்யேக்கயும் கண்டனான், வழக்கு நடந்த கோட்டிலயும் கண்டனான்."

அத்தான் தலையைக் குனிந்தார்.

"உள்ள வாங்கோ. நீங்கள் வாசல்ல நிண்டால் கதவு மூடாது, குளிர் வருது."

அத்தான் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். கதவு அவருக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. உத்தரத்துக்கு நேர்கீழே போய் நின்றார். மேலே நிமிர்ந்து பார்க்கவேயில்லை. மஞ்சுளா கதிரையொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது, அதில் இருக்காமல், அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதார்.